விண்ணிலே நாட்டிய நடுகற்கள்

மணவறையை விட்டெழுந்த மணமக்களுக்கு அருந்ததி காட்டுவது எம்மவரின் நெடுநாள் வழக்கம். பட்டப்பகலில் நிகழும் திருமணத்திலும் இச்சடங்கு தவறுவதில்லை. வெயில் எறிக்கும் வானிலே நட்சத்திரம் எங்கே தெரிகிறது என்று எவரும் வினவுவதுமில்லை. கண்ணுக்குப் புலனாகாவிடினும் அந்தப் பெயரை அந்த வேளையில் நினைப்பதே போதுமென்று எம் முன்னோர் கருதினர் போலும். துருவன், அகத்தியர், சப்த ரிஷிகள் என, மறக்கலாகாதோர் என்று தாம் மதித்தவர்களையெல்லாம் அவர்கள் வானத்திலே ஏற்றி வைத்தனர். மண்ணிலும் இதற்கொப்பான வழக்கொன்று இருந்தது. போரில் வீழ்ந்த வீரனுக்காகக் கல் தேடி எடுத்து, அவன் பெயரையும் செயலையும் அதிற் பொறித்து நாட்டினர். அதுவே நடுகல்.

இவ்விரு வழக்கங்களும் இவ்வாரம் எமது நினைவுக்கு வந்தமைக்குக் காரணம், மாணவியொருத்தி எம்மிடம் தொடுத்த வினாவாகும். "கல்பனா சாவ்லாவின் பெயரால் வானத்தில் ஒரு நட்சத்திரம் இருக்கிறதாமே, அதை எந்தத் திசையிற் பார்க்கவேண்டும்?" என்று அவள் கேட்டாள். அவர் பெயரைத் தாங்கி நிற்பது நட்சத்திரமன்று, ஒரு கல். வெறுங் கண்ணால் அதனைக் காணவும் இயலாது. இவ்வளவையுங் கூறி விடையை முடித்திருக்கலாம். ஆனால் அந்தக் கல்லின் கதையில் மாணவரும் பெற்றோரும் ஒருங்கே சிந்திக்கவேண்டிய செய்தியொன்று அடங்கியிருப்பதால், அதனை இங்கு விரித்துரைக்க விரும்புகிறோம்.

கோளாகாமற் போன கற்கள்

செவ்வாய்க்கும் வியாழனுக்கும் இடையே விரிந்து கிடக்கும் பெருவெளியிலே எண்ணிறந்த கற்கள் சூரியனைச் சுற்றி வருகின்றன. இவற்றைச் சிறுகோள்கள் என்பர். இவற்றுள் முதலாவதைக் கண்டவர் பியாற்சி என்னும் இத்தாலியத் துறவி. சிசிலித் தீவின் பலெர்மோ நகரிலே 1801ஆம் ஆண்டு ஜனவரி முதலாந் திகதி இரவு, நட்சத்திரப் பட்டியலொன்றைத் தயாரித்துக் கொண்டிருந்தபோது, இடம்பெயரும் ஒளிப்புள்ளியொன்று அவர் கண்ணிற் பட்டது. அதற்குச் சீரிஸ் என்னும் பெண் தெய்வத்தின் பெயரை அவர் இட்டார். ஏறத்தாழ 940 கிலோமீற்றர் விட்டங்கொண்ட சீரிஸே இப்பட்டையில் மிகப் பெரியது. 2006ஆம் ஆண்டு முதல் அது குறுங்கோள் என்ற தரத்தையும் பெற்றுள்ளது.

உடைந்துபோன ஒரு கோளின் சிதறல்களே இவை என்று முற்காலத்தில் எண்ணியோர் உண்டு. இன்றைய விஞ்ஞானிகளின் கருத்து வேறு. சூரிய குடும்பம் உருவாகிய காலத்திலே, அருகிலிருந்த வியாழனின் ஈர்ப்பு இக்கற்களை ஒன்றுசேர விடாமல் அலைக்கழித்தது என்பதே அவர்கள் கூறும் விளக்கம். அங்குள்ள கற்கள் அனைத்தையும் ஒன்றாகத் திரட்டினாலும் எமது சந்திரனில் நூற்றில் மூன்று பங்குதான் தேறும். கற்கள் நெருக்கமாக மிதந்து ஒன்றோடொன்று மோதிக்கொண்டிருப்பதாகத் திரைப்படங்களிற் காட்டுவது கற்பனையே. ஒரு கல்லுக்கும் அடுத்த கல்லுக்கும் இடையே இலட்சக்கணக்கான கிலோமீற்றர் வெறுவெளி கிடக்கிறது. 1972இலும் 1973இலும் இப்பட்டையை முதன்முதலாகக் கடந்து சென்ற பயனியர் 10 என்னும் விண்கலம் யாதொரு தீங்குமின்றி மறுபுறத்தை அடைந்தது.

பெயர் பெறும் விதம்

இற்றைவரை ஏழு இலட்சத்துக்கும் மேற்பட்ட சிறுகோள்கள் நிலையான எண்ணைப் பெற்றுள்ளன. பெயர் பெற்றவையோ ஏறத்தாழ இருபத்தையாயிரம் மாத்திரமே. அங்கே பெயர் பெறுவது எளிதன்று.

புதிய கல்லொன்று காணப்பட்டவுடன் முதலில் தற்காலிகக் குறியீடு ஒன்று இடப்படும். கண்ட ஆண்டு முதலில் வரும். அதனையடுத்து வரும் எழுத்து, ஆண்டை இருபத்துநான்கு அரை மாதங்களாகப் பிரித்து அவற்றுள் எதிற் காணப்பட்டது என்பதைக் குறிக்கும். ஜனவரி முதற் பாதிக்கு ஏ, பிற்பாதிக்கு பி, பெப்ரவரி முதற் பாதிக்கு சி என்று இது தொடரும். பின்னர் பல ஆண்டுகள் அதன் பாதை கணிக்கப்பட்டு, இனி அது தொலைந்துபோகாது என்று உறுதியான பின்னரே நிலையான எண் கிடைக்கும். அதன்பின் பெயரை முன்மொழியும் உரிமை கண்டுபிடித்தவருக்குப் பத்தாண்டுகள் உண்டு. சர்வதேச வானியற் சங்கத்தின் குழுவொன்று அதனை ஆராய்ந்து ஏற்றுக்கொள்ளும். பெயர் பதினாறு எழுத்துக்குள் அடங்கவேண்டும். உச்சரிக்கத் தக்கதாயிருத்தல் வேண்டும். முன்னுள்ள பெயரொன்றோடு மயங்கலாகாது. அரசியல்வாதிகளின் பெயரையும் படைத்தலைவர்களின் பெயரையும் அவர்கள் மறைந்து நூறாண்டு செல்லுமுன் இடுதல் ஆகாது. கண்டுபிடித்தவர் தம் பெயரையே இட்டுக்கொள்வதற்கும் இடமில்லை.

காசு கொடுத்து இப்பெயர்களை வாங்கவும் முடியாது என்பதைப் பெற்றோர் மனங்கொள்ளவேண்டும். பிள்ளையின் பிறந்தநாளுக்கு ஒரு நட்சத்திரத்துக்கே அதன் பெயரை இட்டுத் தருகிறோம் என்று பத்திரம் எழுதி விற்போர் பல நாடுகளில் உள்ளனர். அப்பத்திரங்களை எந்த வானியலறிஞரும் பொருட்படுத்துவதில்லை.

இம்முறையிலே வானிற் பெயர் பெற்றோருள் எமக்கு நெருங்கியோரும் உளர். கணித மேதை இராமானுஜனின் பெயரை 4130ஆம் எண்ணுடைய சிறுகோள் தாங்குகிறது. வானியல் வல்லுநர் சந்திரசேகருக்கு 1958ஆம் எண்ணும், சதுரங்க வீரர் விசுவநாதன் ஆனந்துக்கு 4538ஆம் எண்ணும் உரியன. 1956 முதல் தாம் மறைந்த 2008ஆம் ஆண்டு வரை எமது நாட்டிலேயே வாழ்ந்த எழுத்தாளர் ஆர்தர் சி. கிளார்க்கின் பெயர் 4923ஆம் எண்ணுக்கு இடப்பட்டுள்ளது.

விண்வெளியில் முதன்முதலாகப் பறந்த யூரி ககாரினுக்கும் அங்கே ஒரு கல் உண்டு. 1968ஆம் ஆண்டு பெப்ரவரி 6ஆந் திகதி கிரிமியாவிலுள்ள வானாய்வுக்கூடத்தில் லுத்மிலா செர்னிக் என்னும் பெண்மணி அதனைக் கண்டார். ஏழு வாரங்கள் கழிந்து, மார்ச் 27ஆந் திகதி, ககாரின் விமான விபத்தில் உயிர்நீத்தார். 1772ஆம் எண்ணுடைய அந்தக் கல், நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறை சூரியனை வலம் வருகிறது. 1961ஆம் ஆண்டு டிசம்பரில் இலங்கைக்கு வந்திருந்த ககாரின் பேராதனைப் பூங்காவில் மரமொன்றை நாட்டிச் சென்றதை முதியோர் சிலர் இன்றும் நினைவுகூரக்கூடும்.

ஏழு கற்கள், எழுவர் பெயர்கள்

இனி மாணவி கேட்ட கல்லுக்கு வருவோம். அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்திலே பலோமர் என்றொரு மலை உள்ளது. அங்குள்ள வானாய்வுக்கூடத்தின் 48 அங்குலத் தொலைகாட்டியைக் கொண்டு பூமியை நெருங்கி வரும் கற்களைத் தேடும் பணியொன்று நடைபெற்று வந்தது. அப்பணியை முன்னின்று நடத்தியவர் எலினோர் ஹெலின் என்னும் மூதாட்டி. வானத்தின் ஒரே பகுதியைச் சிறிது நேர இடைவெளிகளில் மும்முறை படம்பிடிப்பார்கள். நட்சத்திரங்கள் நின்ற இடத்திலேயே நிற்கும். கல்லோ மூன்று படங்களிலும் சற்றுச் சற்று நகர்ந்திருக்கும். 2001ஆம் ஆண்டு யூலை 19 முதல் 21 வரையுள்ள இரவுகளில் இவ்வாறு சிக்கியவற்றுள் ஏழு கற்கள் இருந்தன. ஐந்து முதல் ஏழு கிலோமீற்றர் வரை குறுக்களவுடைய அவை பிரதான பட்டைக்குரிய சாதாரணக் கற்கள். எண்களும் அடுத்தடுத்தே அமைந்தன: 51823 முதல் 51829 வரை.

அவை கண்டெடுக்கப்பட்டபோது அவற்றுக்குப் பெயராக அமையப்போகும் எழுவரும் உயிருடன் இருந்தனர். தம் பயணத்துக்காகப் பயிற்சி பெற்றுக்கொண்டிருந்தனர்.

2003ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதத்தில் அவ்வேழு பெயர்களும் வெளியிடப்பட்டன. தலைவர் ரிக் ஹஸ்பண்ட், மைக்கல் அன்டர்சன், டேவிட் பிரவுண், கல்பனா சாவ்லா, லோரல் கிளார்க், இலான் ராமோன், வில்லியம் மெக்கூல் என்பது எண் வரிசை. நடுவிலுள்ள 51826, கல்பனாசாவ்லா. பெயரையும் குடும்பப் பெயரையும் ஒரே சொல்லாகச் சேர்த்தெழுதுவது அங்குள்ள மரபு.

கர்நாலில் இருந்து

கல்பனா வட இந்தியாவில் ஹரியானா மாநிலத்தைச் சேர்ந்த கர்நால் என்னும் ஊரிற் பிறந்தவர். நாட்டுப் பிரிவினையின்போது இடம்பெயர்ந்து வந்து, உழைப்பால் மீண்டெழுந்த குடும்பம் அவருடையது. அவ்வூரிலே விமானம் ஓட்டக் கற்பிக்கும் கழகமொன்று இருந்தது. சிறிய விமானங்கள் வீட்டுக் கூரைக்கு மேலாகப் பறப்பதைப் பார்த்து வளர்ந்த அப்பிள்ளை, பின்னர் சண்டிகார் நகரிலுள்ள பொறியியற் கல்லூரியிலே, பெண்கள் அரிதாகவே நாடிய வானூர்திப் பொறியியலைத் தேர்ந்தெடுத்தது. 1982இற் பட்டம் பெற்று அமெரிக்கா சென்று, 1988இற் கலாநிதிப் பட்டமும் பெற்றார். 1994இல் விண்வெளிப் பயிற்சிக்குத் தெரிவு செய்யப்பட்டார்.

1997ஆம் ஆண்டு நவம்பரில் கொலம்பியா விண்ணோடத்திலே அவர் முதன்முறையாகப் பறந்தார். இந்தியாவிற் பிறந்த பெண்ணொருவர் விண்வெளிக்குச் சென்றது அதுவே முதல் தடவை. அப்பயணத்திலே ஒரு சோதனையும் அவருக்கு நேர்ந்தது. இயந்திரக் கையினால் அவர் வெளியே விட்ட செய்மதியொன்று இயங்க மறுத்தது. அதனை மீளப் பிடிக்க முயன்றபோது அது சுழலத் தொடங்கியது. ஈற்றில் வீரர் இருவர் வெளியே சென்று கைகளாற் பற்றி அதனை உள்ளே கொண்டுவர நேர்ந்தது. தவறு யாருடையது என்ற பேச்சு எழுந்தது. விசாரணை நடந்தபோது, கணினிக் கட்டளைகளிலும், வீரரும் தரையிலுள்ளோரும் பின்பற்றிய நடைமுறைகளிலும் குறை இருந்தமை வெளிப்பட்டது. ஒருவர் தலையிற் பழியைச் சுமத்திவிட்டு மற்றவர்கள் ஒதுங்கிக்கொள்ளவில்லை. அவரே மறுபடியும் பயணத்துக்குத் தெரிவு செய்யப்பட்டார்.

2003ஆம் ஆண்டு ஜனவரி 16ஆந் திகதி, அதே கொலம்பியா தனது இருபத்தெட்டாவது பயணத்தைத் தொடங்கியது. எழுவரும் இரு அணிகளாகப் பிரிந்து, இரவு பகலாக எண்பதுக்கும் மேற்பட்ட பரிசோதனைகளைச் செய்தனர். இஸ்ரவேல் நாட்டு வீரரான இலான் ராமோன், சிறுவனொருவன் வரைந்த படத்தின் பிரதியொன்றைத் தம்முடன் எடுத்துச் சென்றிருந்தார். சந்திரனில் நின்று பூமியைப் பார்த்தால் எப்படியிருக்கும் என்பதைத் தடுப்பு முகாமொன்றில் இருந்தவாறு கற்பனை செய்து வரைந்த பீற்றர் கின்ஸ் என்னும் அச்சிறுவன், 1944இல் தனது பதினாறாவது வயதில் அவுஷ்விற்சில் கொல்லப்பட்டவன். அவன் பெயரையும் இன்று ஒரு சிறுகோள் தாங்குகிறது.

பெப்ரவரி முதலாந் திகதி காலை, தரையிறங்குவதற்குப் பதினாறு நிமிடங்கள் இருக்கையில், ரெக்ஸாஸ் மாநிலத்தின் வானத்திலே கொலம்பியா சிதறியது. எழுவரும் மாண்டனர்.

கேட்கப்படாத வினா

விபத்து எவ்வாறு நிகழ்ந்தது? புறப்பட்டு 82 வினாடிகள் ஆகும்போது, எரிபொருட் கலத்தின் மேலிருந்த நுரைக் காப்புறையின் துண்டொன்று கழன்று, இடது சிறகின் முன்விளிம்பிலே மோதியது. துண்டின் எடை ஒரு கிலோகிராமுக்கும் குறைவு. திரும்பி வரும்போது 1,600 பாகை செல்சியஸ் வரை சூடேறும் பகுதி அது. அடிபட்ட துவாரத்தின் வழியே கொதிக்கும் வாயு உட்புகுந்து சிறகை உள்ளிருந்தே உருக்கிவிட்டது.

நுரை மோதியதைப் படங்களிற் கண்ட பொறியியலாளர் சிலர், விண்ணோடம் மேலே சுற்றிக்கொண்டிருந்த நாட்களிலேயே கவலை கொண்டனர். சிறகுக்குச் சேதம் ஏற்பட்டதா என்று படம்பிடித்துப் பார்க்கவேண்டும் எனக் கோரினர். அக்கோரிக்கைகள் நிறைவேறவில்லை. முன்னைய பயணங்களிலும் நுரை கழன்று விழுந்திருக்கிறது, அப்போதெல்லாம் பாதகமொன்றும் நேரவில்லையே என்பது மேலாளர் பலரின் எண்ணமாயிருந்தது. விபத்தின் பின், 2003 யூலையில் ஒரு பரிசோதனை நடத்தப்பட்டது. அதேயளவான நுரைத்துண்டை அதே வேகத்திற் சிறகின் பாகமொன்றின்மீது எய்தபோது, ஏறத்தாழ 40 சதம மீற்றர் அகலத்துக்கு ஓட்டை விழுந்தது. பார்த்து நின்றோர் திகைத்தனர்.

அடுத்த மாதம் வெளியான விசாரணைக் குழுவின் அறிக்கை, நுரையோடு நின்றுவிடவில்லை. ஐயத்தை எழுப்பியோரின் குரல் மேலே செல்ல வழியின்றிப் போன அந்த நிறுவனத்தின் பழக்கவழக்கங்களும் விபத்துக்குச் சமமான காரணமே என்று அது துணிந்து எழுதியது. சிறகைப் பார்த்திருந்தால் எழுவரையும் காப்பாற்றியிருக்கலாமா என்பது திட்டமாகச் சொல்லக்கூடியதன்று. ஆனால் பார்க்கவே இல்லை என்பதுதான் நெஞ்சை அறுக்கும் செய்தி.

ஏழு பெயர்கள் வானில் ஏறியதும், அந்த அறிக்கை வெளிவந்ததும் ஒரே மாதத்தில் நிகழ்ந்தன. இவ்விரண்டையும் சேர்த்தே நாம் நினைக்கவேண்டும். மாண்டவர்க்குப் பெயர் சூட்டிப் போற்றுவது நன்று. ஆயினும் அவர் மாண்ட காரணத்தை மறந்துவிட்டுப் பெயரை மட்டும் போற்றினால் அந்தப் போற்றுதலால் அவர்க்கு ஆவதென்ன? 1986ஆம் ஆண்டு சலேஞ்சர் விண்ணோடம் வெடித்தபோதும் எழுவர் இறந்தனர். அவர்களுக்கும் 3350 முதல் 3356 வரை அடுத்தடுத்த எண்களிற் கற்கள் உண்டு. அப்போதும் குளிர் மிகுந்த நாளில் ஏவவேண்டாம் என்று முதல் நாள் எச்சரித்த பொறியியலாளர்களின் சொல் ஏறவில்லை. முதற் பாடம் முழுதாகக் கற்கப்பட்டிருந்தால் இரண்டாவது வரிசைக் கற்களுக்கு வேறு பெயர்கள் கிடைத்திருக்கும்.

இரண்டாவது பாடம் ஓரளவு கற்கப்பட்டது எனலாம். 2005இல் மீண்டும் விண்ணோடங்கள் பறக்கத் தொடங்கியபின், ஒவ்வொரு பயணத்திலும் சிறகுகளை விண்வெளியிலேயே கூர்ந்து பரிசோதித்தனர். 2011ஆம் ஆண்டு யூலையில் விண்ணோடங்கள் யாவும் ஓய்வு பெறும்வரை மேலும் ஓர் உயிர் அவற்றிற் போகவில்லை.

அழியாது எஞ்சியவை

சிதறிய கொலம்பியாவின் எண்பதாயிரத்துக்கும் மேற்பட்ட துண்டுகள் வயல்களிலும் காடுகளிலுமிருந்து சேகரிக்கப்பட்டன. அவற்றுள் ஒரு பெட்டிக்குள்ளே, பரிசோதனைக்காகக் கொண்டுசெல்லப்பட்ட சின்னஞ்சிறு புழுக்கள் உயிருடன் காணப்பட்டமை வியப்புக்குரியது. கருகிய கணினித் தட்டொன்றிலிருந்து பரிசோதனைக் குறிப்புகள் மீட்கப்பட்டு 2008இல் ஆய்வுக் கட்டுரையாக வெளிவந்தன. எழுவரின் உழைப்பும் முற்றாக வீண்போகவில்லை.

கல்பனாவின் பெயர் வேறிடங்களிலும் நிலைத்தது. இந்தியா 2002இல் ஏவிய வானிலைச் செய்மதிக்குக் கல்பனா 1 என்று மறுபெயரிட்டனர். வீரச் செயல் புரியும் பெண்களுக்குத் தமிழ்நாட்டு அரசு அவர் பெயரால் விருதொன்றை ஏற்படுத்தியது. செவ்வாய்க் கோளிலே குன்றுகளின் தொகுதியொன்று கொலம்பியாக் குன்றுகள் எனப் பெயர் பெற்று, அவற்றுள் ஒன்று அவருக்கு உரியதாயிற்று.

அக்கற்களைக் கண்டெடுத்த எலினோர் ஹெலின் 2009ஆம் ஆண்டு காலமானார். அவரது செல்லப் பெயரான குளோ என்பதும் 3267ஆம் எண்ணுடைய சிறுகோளுக்கு இடப்பட்டிருக்கிறது. பிறர் பெயரை வானில் நாட்டியவர்க்கும் அங்கே ஓரிடம் கிடைத்ததில் எமக்கு மகிழ்ச்சியே.

எந்தத் திசையிற் பார்ப்பது என்று கேட்ட மாணவிக்கு விடை கூறி முடிப்போம். மழை முகில் இல்லாத இரவொன்றில், வியாழன் வானிலே தெரியும் காலம் பார்த்து, வீட்டாரையும் அழைத்துக்கொண்டு முற்றத்துக்குச் செல்க. சூரியனும் சந்திரனும் கோள்களும் செல்லும் அந்த இராசி வழியை, கிழக்கிலிருந்து மேற்காகக் கண்ணாற் பின்தொடர்க. அவ்வழியை ஒட்டி எங்கோ ஓரிடத்தில் 51826 சென்றுகொண்டிருக்கும். கண்ணுக்குத் தெரியாது; அருந்ததியும் பகலிலே தெரிவதில்லை.

பார்த்துவிட்டு வந்து புத்தகத்தைத் திறக்கும்போது, விளங்காத இடத்தில் ஆசிரியரிடம் எழுந்து கேட்கத் தயங்காதே, மகளே. பெற்றோரும் ஆசிரியரும் பிள்ளைகளின் ஐயங்களை "முன்பும் இப்படித்தான், ஒன்றும் ஆகாது" என்று தட்டிக்கழிக்காதிருப்பார்களாக. அந்த ஏழு கற்களுக்கும் நாம் செய்யக்கூடிய வழிபாடு அதுவே.